கூலி தருவது யார்? குறள் 619-உம் வடசென்னை இளந்தொழிலாளரின் பொறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

திருக்குறளின் 619ஆம் குறள் தொழிற்பயிற்சிச் சூழல்களில் இளைஞர்களுக்கான அறிவுரையாகப் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. அக்குறளில் கூலி தருவதாகச் சொல்லப்படுவது முயற்சி. வேலை வாங்குபவர் அதில் இடம்பெறுவதில்லை. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான தொழிற்பகுதியின் ஊதிய ஏற்பாடுகளையும் தொழிற்சட்டச் சொல்லாடலையும் துணைக்கொண்டு, இந்த எடுத்தாளலில் விடுபடுவது எது என இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கூலி, ஊதியம், உதவித்தொகை, பொறுப்பு, ஆள்வினை, துறைமுகத் தொழிலாளர், தொழிற்பழகுநர்

1

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தேநீர்க்கடை ஒன்றில், காலை ஷிஃப்ட் முடித்து வந்த இளைஞர் ஒருவரிடம் எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். அப்பகுதியில் எல்லோரும் அறிந்த ஆலையொன்றின் பெயரைச் சொன்னார். சம்பளம் யார் தருகிறார்கள் என்றதும் வேறொரு பெயர் வந்தது. அது அவருடைய அடையாள அட்டையில் அச்சிட்டிருந்த ஒப்பந்ததாரரின் பெயர். இரு விடைகளையும் அவர் தயக்கமின்றிச் சொன்னார். அவற்றுக்கிடையே முரண் ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. தொழிற்பயிற்சி படித்த நாள்களைப் பற்றிப் பேச்சுத் திரும்பி, பட்டறைச் சுவரில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டபோது மட்டும் சிரித்தார். “வேற என்ன, கூலிக் குறள்தான்” என்றார்.

அவர் குறித்தது ஆள்வினையுடைமை அதிகாரத்தின் ஒன்பதாம் குறள். தெய்வத்தால் ஆகாதெனினும் முயற்சி உடல் வருந்திய அளவுக்குக் கூலி தரும் என்னும் பொருளுடையது. பள்ளி மேடை, போட்டித்தேர்வு வகுப்பு, ஆலைப் பயிற்சிக்கூடம் என எங்கும் ஒலிப்பது. குறள் எதையும் மனப்பாடம் செய்யாதவருக்கும் தெரிந்தது. இக்குறளின் மேன்மை இங்கு வினாவன்று. வேலை தேடும் இருபது வயதினரை நோக்கி இது சொல்லப்படும்போது அவர்மேல் ஏற்றப்படும் பொறுப்பு எத்தகையது, அப்போது எவருடைய பொறுப்பு பேசப்படாமல் நழுவுகிறது என்பதே வினா.

2

குறளின் தொடரமைப்பிலிருந்தே தொடங்கலாம். ‘தரும்’ என்னும் வினைமுற்றுக்கு எழுவாய் ‘முயற்சி’. கூலி என்றாலே கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்ற இருவர் உறவு உள்ளடங்கியிருக்கும். இக்குறளிலோ கொடுப்பவரின் இடத்தில் பெறுபவரின் முயற்சியே நிற்கிறது. ஒருவர் தமக்குத் தாமே கூலி கொடுத்துக்கொள்ளும் நிலை இது. அறநூலின் உருவகம் என்ற அளவில் அழகானது. ஊழின் முன் மனிதன் கையற்றவன் அல்லன் என்று சொல்ல வந்த இடத்தில், கூலி என்ற அன்றாடச் சொல்லை வள்ளுவர் கடன் வாங்கினார். நாம் அந்தக் கடனைத் திருப்பி, உருவகத்தைக் கொண்டே உண்மையான கூலியை விளக்க முற்படும்போதுதான் சிக்கல் எழுகிறது. போதிய ஊதியம் இல்லையா? முயற்சி போதவில்லை என்ற முடிவுக்கு வர இத்தொடரமைப்பு வழிவிடுகிறது. இடையில் வேறெவரும் இல்லை அல்லவா?

பரிமேலழகர் உரை இப்பொருளுக்கு இடம் தரவில்லை என்பது நோக்கத்தக்கது. ஊழின் காரணமாகக் கருதிய பயன் கைகூடாதபோதும், உடல் வருந்திய வருத்தத்தின் அளவுக்காவது கூலி கிட்டும், முயற்சி பாழாகாது என்பதே அவர் கொண்ட கருத்து. அதாவது இக்குறள் பேசுவது உச்சத்தைப் பற்றியன்று, அடித்தளத்தைப் பற்றி. முயன்றால் எதையும் அடையலாம் என்பது மேடைப்பேச்சின் பொருள். எது தவறினும் உழைத்த அளவுக்குரியது தவறாது என்பது உரையின் பொருள்.

அடித்தளம் என்ற இக்கருத்து இந்திய ஊதியச் சட்டத்துக்கு அயலானதன்று. 1948இல் அமைந்த நியாய ஊதியக் குழு, குறைந்தபட்ச ஊதியம், நியாய ஊதியம், வாழ்வூதியம் என மூன்று படிகளை வகுத்தது. நியாய ஊதியத்தை நிறுவும்போது தொழிலின் கொடுக்கும் திறனைக் கணக்கில் கொள்ளலாம். குறைந்தபட்ச ஊதியத்துக்கு அந்த விலக்கு இல்லை. நிறுவனம் நலிவிலிருந்தாலும் அதைக் கொடுத்தே ஆகவேண்டும் என உச்ச நீதிமன்றம் 1961இல் உன்னிச்சோயி வழக்கில் உறுதிப்படுத்தியது. தெய்வத்தால் ஆகாவிடினும் கூலி உண்டு என்பதற்கு இக்காலச் சட்டத்தில் இணை தேடினால் இதுதான் கிடைக்கும். ஒரு வேறுபாடு உண்டு: சட்டத்தில் கூலி தருபவருக்கு முகவரி இருக்கிறது.

இன்னொன்றும் இங்கே சுட்டவேண்டும். பரிமேலழகர் வகுப்பின்படி 39 முதல் 63 வரையிலான இருபத்தைந்து அதிகாரங்களும் அரசியல் என்னும் பகுதியைச் சேர்ந்தவை. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகிய மூன்றும் அதற்குள் அடங்குகின்றன. முதன்மையாக ஆள்வோனுக்குச் சொல்லப்பட்ட முயற்சியறம், ஆளப்படுவோனுக்கான அறிவுரையாக இடம்பெயர்ந்திருக்கிறது. குறள் அனைவர்க்கும் பொது, அதை ஓரிடத்தில் கட்டிவைக்கலாமா என்ற மறுப்பு எழலாம், நியாயமான மறுப்பே. பொது என்றால் எல்லா அதிகாரங்களும் பொதுவாக வேண்டும். அதே அரசியலில் பத்து அதிகாரங்களுக்கு முன்னால் தெரிந்துவினையாடல் இருக்கிறது. வேலையை ஒருவரிடம் ஒப்படைப்பவரின் கடமைகளைப் பேசும் அதிகாரம் அது. அதில் 517ஆம் குறளை மேலாண்மை நூல்கள் ஆள்தேர்வுக்கான குறிப்பாக விரும்பி எடுக்கின்றன. 519ஆம் குறளை எந்த ஆலைச் சுவரிலும் நான் கண்டதில்லை. தன் வினையில் இடைவிடாது முயல்பவன் அந்த உரிமையால் கேளிரைப்போல் பழகும்போது, அதை வேறாக நினைக்கும் தலைவனைத் திருமகள் நீங்குவாள் என்கிறது அது. உழைப்பவர் உரிமையோடு பேசுவதைக் குற்றமாகக் கொள்ளாதே என்று வேலை வாங்குபவருக்குச் சொல்லும் குறள். 520ஆம் குறள் வினைசெய்வானை மன்னன் நாள்தோறும் நாடவேண்டும் என்கிறது. இப்பொறுப்பை இன்னொருவரிடம் கைமாற்றிவிடலாம் என்ற குறிப்பு அதில் இல்லை.

3

பொறுப்பை ஒருபக்கமாகச் சாய்க்கும் வழக்கத்துக்குச் சென்னையில் சட்ட வரலாறும் உண்டு. 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம், முன்பணம் பெற்ற கைவினைஞரோ தொழிலாளரோ ஒப்பந்தப்படி வேலை செய்யத் தவறினால் அவரைக் குற்றவியல் நடுவர்முன் நிறுத்த வழிசெய்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மாகாணத் தலைநகரங்களுக்கென வந்த சட்டம் இது. வேலை செய்யத் தவறியவருக்குச் சிறை. கூலி தரத் தவறியவர்மீதோ உரிமையியல் வழக்கு மட்டும். 1925இல்தான் இதை நீக்கும் சட்டம் வந்தது.

இடைப்பட்ட காலத்தில், 1918 ஏப்ரலில், பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளரே அதன் முதன்மை உறுப்பினர், திரு.வி.க. அதன் தூண்களுள் ஒருவர். ஆலை நிர்வாகம் தொடுத்த வழக்கில், ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டக்கூடாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் வாடியா உள்ளிட்டோருக்குத் தடை விதித்தது. இத்தடை எழுப்பிய எதிர்வினையின் தொடர்ச்சியாகவே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. சங்கத்தின் பெயரில் ‘தொழிலாளர்’ என்ற சொல் நின்றதும் தமிழாய்வாளர் கவனத்துக்குரியது. குடியேற்றக் காலத்தில் ‘கூலி’ என்பது பெறும் பணத்தைவிட்டு ஆளையே குறிக்கும் சொல்லாக உலகெங்கும் பரவியிருந்தது (அதன் வேர் தமிழே என்பதில் கருத்து வேறுபாடு உண்டு). பெறுவதைக்கொண்டு பெயரிடுவதை விடுத்துச் செய்வதைக்கொண்டு பெயரிட்டது இச்சொல். இதற்கும் ஆள்வினைக்கும் ‘ஆள்’ பொது.

விடுதலைக்குச் சற்று முன் வந்த தொழில்நிறுவன வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டம், 1946, இரு தரப்புக் கடப்பாடுகளையும் எழுத்தில் கொண்டுவர முயன்றது. அதன்கீழ் மத்திய விதிகள் தந்த மாதிரி நிலையாணைகளில் தொழிலாளரின் ஒழுங்கீனங்கள் நீண்ட பட்டியலாக வருகின்றன: வேண்டுமென்றே கீழ்ப்படியாமை, பத்து நாளுக்கு மேல் சொல்லாமல் வராதிருத்தல், வழக்கமாகத் தாமதித்தல், கவனக்குறைவு. ஆனால் ‘தனிப்பட்ட முறையில் பொறுப்பு’ என்ற தொடர் அந்தப் பட்டியலில் இல்லை. அது இறுதிப் பகுதியில், நிலையாணைகளை முறையாகவும் நேர்மையாகவும் கடைப்பிடிப்பதற்கு வேலையளிப்பவரே தனிப்பட்ட முறையில் பொறுப்பாவார் என்னும் விதியில் வருகிறது. தனிமனிதப் பொறுப்பு என்றாலே தொழிலாளரைப் பற்றிய பேச்சு என்று பழகிவிட்ட நமக்கு இது சற்று வியப்பளிக்கும். 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு இச்சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள நிலையிலும், அந்தப் பழைய விதியின் சொற்றேர்வு ஒரு காலகட்டத்தின் நீதியுணர்வைக் காட்டும் ஆவணமாகும்.

4

இந்த இருபக்கப் பொறுப்பு நடைமுறையில் எப்படி இயங்கியது என்பதற்குச் சென்னைத் துறைமுகமே சான்று. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி என்பது உலகத் துறைமுகங்கள் அனைத்திலும் நிலவிய வழக்கம். காலையில் வாயிலில் கூடும் கூட்டத்திலிருந்து மேஸ்திரி விரல் நீட்டும் ஆள்களுக்கு அன்றைய கூலி, மற்றவர் திரும்பவேண்டும். இதை மாற்றவே கப்பல்தளத் தொழிலாளர் (வேலைவாய்ப்பு ஒழுங்குமுறை) சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. அதன்படி சென்னைக்கென உருவான 1956ஆம் ஆண்டுத் திட்டத்தில் தொழிலாளர் பதிவேடு, பொதுத் தொகுப்பு, சுழற்சிமுறையில் வேலை ஒதுக்கீடு ஆகியன இடம்பெற்றன. சரக்கேற்றி இறக்கும் நிறுவனங்களிடமிருந்து தொழிலாளர் வாரியம் தீர்வை பெற்றது.

இத்திட்டத்தின் உயிர் நிலை என நான் கருதுவது வருகைப்படி. தொகுப்பிலுள்ள தொழிலாளி குறித்த நேரத்தில் வந்து நின்றார். கப்பல் இல்லை, வேலை இல்லை. அந்த நாளுக்கும் அவருக்கு ஒரு தொகை உண்டு. வேலைக்கு அணியமாக வந்து நிற்பது அவர் பொறுப்பு; வேலை இல்லாமற்போனது அவர் குற்றமன்று. ஒதுக்கிய வேலையை மறுத்தால் தொகையை இழப்பார், ஒழுங்கு நடவடிக்கைக்கும் ஆளாவார். பொறுப்பு இங்கே வலுவாகவே கேட்கப்படுகிறது. கேட்பவரும் தம் பங்கைச் செலுத்துகிறார் என்பதே வேறுபாடு. உடல் வருந்தும் முன்னரே, வருந்த ஆயத்தமாய் நிற்பதற்குக் கூலி என்பதால், இது 619ஆம் குறளையும் ஒருபடி கடந்து செல்கிறது எனலாம்.

இன்று இதே தொழிற்பகுதியில் ஒப்பந்தத் தொழிலாளர் பலரிடம் ‘அட்டெண்டன்ஸ் போனஸ்’ என்ற சொல் புழங்குகிறது. மாதம் முழுவதும் விடுப்பின்றி வந்தால் ஒரு தொகை. ஒருநாள் தவறினாலும் அந்தத் தொகை முழுதும் போய்விடும். காய்ச்சலுக்கும் தங்கை திருமணத்துக்கும் இதில் வேறுபாடு இல்லை. தேநீர்க்கடை இளைஞர் இதை “ஒரு நாள் லீவு போட்டா நாலு நாள் சம்பளம் போவும்” என்று கணக்கிட்டுச் சொன்னார். ஊதிய வழங்கல் சட்டம், 1936, வராத நாளுக்குரிய விகிதத்துக்கு மேல் ஊதியத்தைப் பிடிக்கப் பொதுவாக இடம் தரவில்லை. தண்டத்தொகைக்கும் ஊதியத்தில் நூற்றுக்கு 3 என்று வரம்பு கட்டியது. ஊதியத்தின் ஒரு பகுதிக்கு ஊக்கத்தொகை என்று பெயரிட்டுவிட்டால் பிடித்தம் என்ற பேச்சே எழாது. வருகை என்ற அதே சொல்தான் இரண்டிலும் இருக்கிறது. அன்று வேலை வராத நாளிலும் தொழிலாளி வந்ததற்காகக் கொடுத்தார்கள். இன்று வேலை இருந்த நாளில் தொழிலாளி வராததற்காக, அவர் வந்த நாள்களுக்குரியதையும் சேர்த்து நிறுத்துகிறார்கள்.

துறைமுகத் திட்டத்தைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. பதிவேடு என்றாலே அதற்கு உள்ளும் புறமும் உண்டு. புறத்தே நின்றவர்களுக்கு வருகைப்படி கிடையாது. சரக்குப்பெட்டகங்கள் வந்தபின் மூட்டை தூக்கும் கைகளுக்குத் தேவை குறைந்தது; 2001 முதல் பெட்டக முனையம் தனியார் இயக்கத்துக்குச் சென்றது. அந்த ஏற்பாடு குறையற்றது என்பதன்று என் கருத்து. பொறுப்பைப் பங்கிட ஒரு வழி இந்நகரத்திலேயே நடைமுறையில் இருந்தது என்பதே.

பொறுப்பு வெற்றுச் சொல்லும் அன்று. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத்திணறி வீடுகளைவிட்டு வெளியேறினர். இத்தகைய குழாய்களும் கொதிகலன்களும் சூழ்ந்த ஊரில் ஆலைக்குள் இருக்கும் ஒவ்வொருவரின் விழிப்பும் வெளியே உறங்குபவரின் உயிரைக் காக்கும். ஆனால் விழிப்போடிருப்பவர் கண்டதைச் சொல்லவும் முடியவேண்டும். நாளை முதல் வரவேண்டாம் என்று ஒப்பந்ததாரர் தொலைபேசியில் சொன்னால் வேலை முடிந்துவிடும் நிலையிலுள்ள இளைஞர், பழுதான அடைப்பிதழைப் பற்றி மேற்பார்வையாளரிடம் எத்தனை முறை சொல்வார்? பாதுகாப்பான வேலை, பொறுப்புணர்வுக்குக் கிடைக்கும் பரிசு என்று பேசுகிறோம். எனக்கு அது பொறுப்புணர்வுக்கான முன்நிபந்தனையாகவே படுகிறது.

5

வடசென்னையைப் பேசும் அண்மைக்காலத் திரைப்படங்களும் இவ்விடத்தில் மௌனமாகிவிடுகின்றன. பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ (2021) நாயகன் கபிலன் துறைமுகத் தொழிலாளி. நெருக்கடிநிலைக் காலத்து அரசியலையும் சாதியையும் குத்துச்சண்டைக் களத்தின் வழியே நுட்பமாகக் காட்டும் படம், கபிலன் களத்துக்குள் நுழைந்தபின் துறைமுகத்தை மறந்துவிடுகிறது. அவன் வீழ்ச்சி குடியாலும் தவறான சேர்க்கையாலும் நேர்கிறது. மீட்சி கடற்கரையில் மேற்கொள்ளும் கடும் பயிற்சியால் வருகிறது. பார்வையாளர் நினைவில் நிற்பது மெய்வருத்தம், கூலி நிற்பதில்லை. அதே இயக்குநரின் ‘மெட்ராஸ்’ (2014) நாயகனுக்குத் தகவல்தொழில்நுட்பத்துறை வேலை. வெற்றிமாறனின் ‘வட சென்னை’ (2018) நாயகனின் கையில் கேரம். இப்படங்கள் பேச வந்தவை வேறு; அதற்காக அவற்றைக் குறைகூற இயலாது. எனினும் ஷிஃப்டுக்குப் போய்த் திரும்பும் இளைஞனின் சம்பள நாள் தமிழ்க் கதைசொல்லலில் இன்னும் காட்சியாகவில்லை என்பதைப் பதியவேண்டும்.

6

இறுதியாகத் தொழிற்பழகுநர் பற்றிச் சில. தொழிற்பழகுநர் சட்டம், 1961-இன் 18ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளர் அல்லர் என்கிறது. ஆகவே அவர் பெறுவது ஊதியமன்று, உதவித்தொகை. 2019இல் திருத்திய விதிகளின்படி அதன் கீழ்வரம்பு கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை. சொல்லைக் கவனிக்கவேண்டும். ஊதியம் உரிமையால் கேட்பது. உதவி, கொடுப்பவர் மனத்தால் பெறுவது. (ஆய்வு மாணவர்களாகிய நாமும் உதவித்தொகை பெறுபவர்களே. அது தாமதமாகும் மாதங்களில் எந்தக் குரலில் அலுவலகத்தில் விசாரிக்கிறோம் என்பதை நினைத்துப்பார்த்தால் இச்சொல்லின் ஆற்றல் விளங்கும்.)

அதே சட்டத்தின் 14, 16ஆம் பிரிவுகள் இதற்கு மாறாக நிற்கின்றன. தொழிற்சாலைகள் சட்டத்தின் உடல்நலம், பாதுகாப்பு, நலன் பற்றிய அத்தியாயங்கள் பழகுநருக்கும் அவர் தொழிலாளர் என்பதுபோலவே பொருந்தும். பயிற்சியின்போது காயமுற்றால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி இழப்பீடு உண்டு. விரல் நசுங்கினால் அவர் தொழிலாளி. கூலி கேட்டால் மாணவர். மெய் வருந்துவதைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. அதற்குரியது கூலி என்பதை மட்டும் ஒப்பவில்லை.

கற்கும் காலத்துக்கு முழு ஊதியம் எப்படி என்ற வாதத்தில் உண்மை உண்டு, கற்பிப்பதற்கும் செலவாகும். ஆனால் கற்றல் எப்போது முடிகிறது? ஓர் ஆலையில் பழகுநர், அடுத்ததில் ‘டிரெய்னி’, அதன்பின் ஒப்பந்தத்தில் என்று இருபதுகள் முழுதும் கழிகையில், கற்றல் என்ற விளக்கம் மெலிந்துபோகிறது. தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம், 24 மாதங்களில் 480 நாள்கள் தொடர்ந்து பணிசெய்தவர் நிரந்தரமாவார் என்றது. ஒப்பந்ததாரர் மாறும்போதும், வகைப்பெயர் மாறும்போதும் அந்த எண்ணிக்கை எவர் கணக்கில் ஏறுகிறது என்பதே நடைமுறை வழக்காகிறது.

இதற்கு அடியில் இன்னொரு கற்பிதம் இருக்கிறது. 1957இல் கூடிய பதினைந்தாம் இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்ச ஊதியத்தை ஓர் உழைப்பாளியும் அவரைச் சார்ந்தோருமான மூன்று நுகர்வு அலகுகளுக்குக் கணக்கிட்டது. சென்னையில் ஆலை வைத்திருந்த ரெப்டகோஸ் பிரெட் நிறுவனத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் அதனுடன் பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், முதுமை, திருமணம் முதலியவற்றுக்கென நூற்றுக்கு 25 பங்கைச் சேர்த்தது. இக்கணக்கில் ஊதியம் பெறுபவர் குடும்பத்தைத் தாங்குபவர். உதவித்தொகையின் கணக்கிலோ, பெறுபவர் குடும்பத்தால் தாங்கப்படுபவர். தேநீர்க்கடையில் நான் சந்தித்தவரின் தந்தை கடலுக்குப் போவதை நிறுத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தங்கையின் கல்லூரிக் கட்டணம் அவர் கையில். பொறுப்பற்ற தலைமுறை என்று மேடைகளில் பேசப்படுபவருள் அவரும் ஒருவர்.

ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 1970-இன் 21ஆம் பிரிவு, ஒப்பந்ததாரர் ஊதியம் வழங்கும்போது முதன்மை வேலையளிப்பவரின் சார்பாளர் ஒருவர் உடனிருந்து சான்றளிக்கவேண்டும் என்றும், ஒப்பந்ததாரர் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே ஊதியத்தைக் கொடுக்கவேண்டும் என்றும் விதித்தது. 520ஆம் குறளின் ‘நாடுக’ என்ற ஏவலுக்கு மிக அருகில் வந்த சட்டவரி இதுதான் என்று அந்த இளைஞரிடம் சொல்ல நினைத்தேன். குறளைப் பற்றிப் பேசாமல் பிரிவை மட்டும் சொன்னேன். சம்பளம் வங்கியில் ஏறுவதால் உடன் நிற்க யாரும் வருவதில்லை என்றார். பிறகு கைப்பேசியைத் திறந்து, சென்ற மாதம் பணம் ஏறிய குறுஞ்செய்தியைக் காட்டினார். அதில் அவர் வேலை செய்யும் ஆலையின் பெயரும் இல்லை, ஒப்பந்ததாரரின் பெயரும் இல்லை. ஓர் எண்ணும் தொகையும் மட்டுமே இருந்தன.